சாவி கைக்கு வருமுன்

 

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைச் செய்துபார்" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். இரண்டும் கடினமானவை. ஆனால் கல்யாணம் ஓரிரு நாளில் முடிந்துவிடுகிறது. வீட்டுக் கடனோ முப்பது ஆண்டுக் காலம் நம்முடன் குடியிருக்கிறது. வீட்டுடைமை பெறுவது எப்படி என்று பலர் பேசிவிட்டனர். பெற்ற வீட்டைக் கைவிடாமல் காப்பது எப்படி என்பதைப் பற்றியே இன்று உங்களுடன் பேச வந்துள்ளோம்.

நாம் வாழும் லயத்து வீட்டை முதலில் எண்ணிப் பார்ப்போம். விடியுமுன் பிரட்டுக்குப் போகிறோம். வெட்டு முடிந்து பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறோம். நமக்கென ஒரு கூரை காத்திருக்கிறது. அந்தக் கூரை தரமானதாக இருத்தல் வேண்டும், குடிநீரும் மின்சாரமும் இருத்தல் வேண்டும் என்று 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் வலியுறுத்துகிறது. எனினும் அது வேலையோடு வந்த வீடு. வேலையோடு போகும் வீடு. நம் நாட்டில் 2013 ஜூலை முதல் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 ஆயிற்று. ஓய்வு பெறும் நாளில் ஒருவர் வேலையை மட்டும் இழப்பதில்லை. தம் பிள்ளைகள் பிறந்து வளர்ந்த வீட்டையும் விட்டுக் கொடுக்க நேர்கிறது. தோட்டம் கைமாறினாலோ, பால்மரம் போய் நகரம் வந்தாலோ, அந்த நாள் இன்னும் முன்னதாகவே வந்துவிடும்.

இது நமக்குப் புதிய செய்தியன்று. 1950களில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது நம் மக்கள் வேலையும் வீடும் ஒருங்கே இழந்து தவித்தனர். அந்த வேளையில்தான் துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள் தோட்டம் தோட்டமாகச் சென்று, சிறு சிறு தொகையாகச் சேமித்து நிலம் வாங்குமாறு தொழிலாளரை அழைத்தார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மறு ஆண்டிலேயே கெடாவில் உள்ள புக்கிட் சிடிம் தோட்டத்தை அது வாங்கியது. கூலியாக வந்தவர்கள் தோட்டத்தின் பங்குதாரர் ஆயினர். சிறு சேமிப்பும் முன்யோசனையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

உதவி விலையைக் குறைக்கும், தவணையைக் கட்டாது

குறைந்த வருமானம் உள்ளோர் வீடு வாங்குவதற்கு அரசாங்கம் பல வழிகளில் உதவி வந்துள்ளது. 1982இல் குறைந்த விலை வீட்டின் விலை 25,000 வெள்ளி என வரையறுக்கப்பட்டது. 1998இல் அது இடத்திற்கு ஏற்ப 25,000 முதல் 42,000 வெள்ளி வரை என மாற்றப்பட்டது. மக்கள் வீடமைப்புத் திட்டத்தின் கீழ் எழுந்த அடுக்குமாடி வீடுகள் 124 வெள்ளி மாத வாடகைக்கு விடப்பட்டன. விற்பனைக்கு என்று கட்டப்பட்டவை தீபகற்பத்தில் 35,000 வெள்ளிக்கு விற்கப்பட்டன.

இவை யாவும் நல்ல உதவிகளே. ஆயினும் ஓர் உண்மையை நாம் மறத்தலாகாது. உதவி, வீட்டின் விலையைக் குறைக்கிறது. மாதந்தோறும் தவணை கட்டுவது நம் கைகளே. வீடு கிடைத்த பின் அதை இழந்தவர்கள் பலர், விலை கூடியதால் இழந்தவர்கள் அல்லர். கணக்குப் பார்க்காமல் கையொப்பமிட்டதால் இழந்தவர்களே ஆவர்.

நாம் அறிந்த ஒரு குடும்பத்தைச் சொல்லுவோம். கணவன் பால் வெட்டுபவர். மனைவி வெளிக்காட்டு வேலை செய்பவர். பட்டணத்தோரம் ஒரு வீடு கிடைத்தது. குடிபோகும்போது புதிய கட்டில், அலமாரி, தொலைக்காட்சி எல்லாம் தவணைக்கு வந்தன. ஈராண்டு கழித்து மகளின் திருமணத்திற்கு மற்றொரு கடன். மழைக்காலம் வந்தது; கணவருக்கு நோயும் வந்தது. மூன்று தவணைகள் தவறின. வங்கியிலிருந்து கடிதங்கள் வந்தன. மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்த அவற்றைப் படித்துச் சொல்லுமாறு பிறரிடம் கேட்க வெட்கப்பட்டு, அந்தத் தாய் அவற்றைத் துணிப்பெட்டியின் அடியில் வைத்துவிட்டார். ஏல அறிவிப்பு வந்தபோதுதான் பெட்டி திறக்கப்பட்டது. கடிதங்கள் பிரிக்கப்படாமலே இருந்தன. அவற்றுள் முதலாவது, "எங்களை வந்து பாருங்கள்" என்றே அழைத்திருந்தது.

தோழர்களே, அந்த வீட்டைக் காப்பாற்றியிருக்க முடியும். வேண்டியிருந்தது ஓர் ஆலோசனை மட்டுமே.

மெலிந்த மாதத்தைக் கொண்டு அளப்போம்

ஒரு வீட்டை வாங்க நம்மால் இயலுமா என்பதை எதைக் கொண்டு அளப்பது? ஊக்கத்தொகையும் ஒட்டுப்பால் காசும் சேர்ந்து வந்த நல்ல மாதத்தைக் கொண்டு அளக்கலாகாது. மழை பெய்து வெட்டு நின்ற மாதத்தையும், பால்மரங்கள் இலை உதிர்த்துப் பால் குறைந்த மாதத்தையும் கொண்டே அளத்தல் வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது உண்மையே. ஆனால் அதற்கு மேல் கிடைக்கும் பணம் மெலிந்த மாதங்களில் நின்றுவிடுகிறது. வங்கிக்கோ மழையும் இல்லை, இலையுதிர் காலமும் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கணவன் மனைவி இருவரும் நல்ல மாதத்தில் 3,800 வெள்ளியும், மெலிந்த மாதத்தில் 3,000 வெள்ளியும் கையில் பெறுகின்றனர் எனக் கொள்வோம். எல்லாக் கடன்களும் சேர்ந்து வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாதிருப்பது நலம். மெலிந்த மாதக் கணக்கில் அது 1,000 வெள்ளி. 

வீட்டின் விலை 100,000 வெள்ளி, முன்பணம் 10,000, கடன் 90,000. ஆண்டு வட்டி நூற்றுக்கு நான்கு என்றால், 30 ஆண்டுத் தவணை மாதம் ஏறத்தாழ 430 வெள்ளி. பராமரிப்புக் கட்டணம், நிலவரி, மதிப்பீட்டு வரி, காப்புறுதி ஆகியவற்றுக்கு 100 வெள்ளி சேர்த்தால் 530. மோட்டார் சைக்கிளுக்கும் தளவாடங்களுக்கும் ஏற்கெனவே 430 வெள்ளி கட்டி வருகின்றனர் என்றால் மொத்தம் 960 வெள்ளி. எல்லைக்குள் நிற்கிறது, ஆனால் விளிம்பில் நிற்கிறது. இந்நிலையில் 550 வெள்ளித் தவணைக்கு ஒரு காரையும் வாங்கினால், மெலிந்த மாத வருமானத்தில் பாதி கடனுக்கே போய்விடும். மீதியில் அரிசி, பள்ளிப் பேருந்து, மருந்து அனைத்தும் அடங்க வேண்டும்.

வேறொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தோட்டத்தில் கொல்லையில் கீரையும் மிளகாயும் வைத்திருக்கிறோம். சிலர் ஆடு மாடு வளர்க்கிறோம். வேலைக்காடு நடந்து செல்லும் தூரத்தில் இருக்கிறது. அடுக்குமாடி வீட்டிற்குச் சென்றால் கீரைக்கட்டையும் காசு கொடுத்தே வாங்க வேண்டும். வேலைக்குப் போக எண்ணெய்ச் செலவு உண்டு.

எனவே நாங்கள் சொல்லும் முதல் ஆலோசனை இது. வீடு வாங்குமுன் ஓராண்டுக் காலம், வாங்கிவிட்டதாகவே எண்ணி வாழ்ந்து பாருங்கள். மேற்சொன்ன 530 வெள்ளியை மாதந்தோறும் தனியே ஒரு வங்கிக் கணக்கில் போட்டு வாருங்கள். பன்னிரண்டு மாதமும் தவறாமல் போட முடிந்தால் அந்த வீடு உங்கள் தோளுக்கு ஏற்ற காண்டா. அத்துடன் 6,360 வெள்ளியும் சேர்ந்திருக்கும். முடியவில்லை என்றாலும் நட்டமில்லை. வீட்டை இழக்காமலே பாடம் கற்றுக்கொண்டோம்.

வயதும் சேமநிதியும்

இளைஞர்கள் இதனைக் கவனமாகக் கேட்க வேண்டுகிறோம். அதே 90,000 வெள்ளிக் கடனை 30 வயதில் எடுப்பவர் 30 ஆண்டுகளில் மாதம் 430 வெள்ளியாகக் கட்டி, ஓய்வு வயதில் கடனற்றவராகிறார். 45 வயதில் எடுப்பவர், 60க்குள் முடிக்க விரும்பினால், 15 ஆண்டுகளில் மாதம் ஏறத்தாழ 666 வெள்ளி கட்ட வேண்டும். ஓய்வுக்குப் பின்னும் தவணை நீண்டால் அதைக் கட்டப்போவது யார் என்று பிள்ளைகளுடன் முன்கூட்டியே பேசி முடிவு செய்தல் வேண்டும்.

"சேமநிதிப் பணம் இருக்கிறதே" என்று பலர் சொல்வதுண்டு. ஊழியர் சேமநிதியில் 2024 மே 11 முதல் 55 வயதுக்கு உட்பட்டோரின் சந்தா மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்படுகிறது. நூற்றுக்கு 75 ஓய்வுக்காலக் கணக்கிற்கும், 15 'செஜாத்ரா' கணக்கிற்கும், 10 'ஃபிளெக்சிபல்' கணக்கிற்கும் செல்கின்றன. வீட்டிற்கென எடுக்கக்கூடியது செஜாத்ரா கணக்கில் உள்ள பணமே. 1,700 வெள்ளிச் சம்பளத்திற்குத் தொழிலாளி 187, முதலாளி 221, ஆக 408 வெள்ளி கட்டப்படுகிறது. அதில் செஜாத்ராவுக்குச் சேர்வது மாதம் ஏறத்தாழ 61 வெள்ளி. இலாப ஈவு நீங்கலாகப் பத்தாண்டில் 7,300 வெள்ளிக்குச் சற்று மேல். பயனுள்ள தொகைதான், ஆனால் அது மட்டுமே போதாது.

இன்னொன்று: விற்பனை உடன்படிக்கை கையொப்பமாகிய பின்னரே அப்பணத்திற்கு விண்ணப்பிக்க இயலும். முன்பணத்தையோ அதற்கு முன்னரே நாம் தேட வேண்டியிருக்கிறது. இந்த இடைவெளியில்தான் பலர் வட்டிக்காரனிடம் போய் விழுகின்றனர். மேலே சொன்ன ஓராண்டுச் சேமிப்பு இங்கே கைகொடுக்கும்.

கையொப்பமிடுமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

வீட்டை விற்பவர் வீடமைப்பு மேம்பாட்டு உரிமம் பெற்றவரா? 1966ஆம் ஆண்டின் வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் உரிமமும் விளம்பர அனுமதியும் வேண்டும். வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சிடம் இதனைச் சரிபார்க்கலாம். உடன்படிக்கை கையொப்பமாகுமுன், முன்பதிவுக் கட்டணம் என்றோ வேறு பெயரிலோ மேம்பாட்டு நிறுவனம் பணம் வாங்கலாகாது. 2021இல் கூட்டரசு நீதிமன்றமும் இதனை உறுதிப்படுத்தியது. "இன்றே ஆயிரம் வெள்ளி கட்டினால்தான் வீடு" என்று எவரேனும் அவசரப்படுத்தினால், அந்த அவசரமே எச்சரிக்கை என்று கொள்ளுங்கள்.

வீட்டிற்குத் தனி நிலப்பட்டா உண்டா? நாம் 'கிராண்ட்' என்று வழங்குகிறோமே, அது இல்லாமல் வெறும் கடிதத்தையோ வாய்ச்சொல்லையோ நம்பிப் பணம் கட்டலாகாது. நிலம் எத்தனை ஆண்டுக் குத்தகை, எவர் பெயரில் உள்ளது என்பவற்றை நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி அறியலாம். குறைந்த விலை வீடுகளைக் குறிப்பிட்ட காலம் வரை விற்கவோ பிறருக்கு விடவோ தடை உண்டு. அது மாநிலத்திற்கு மாநிலம் மாறும். அதனையும் கேட்டறிய வேண்டும்.

சாவி எப்பொழுது வரும்? சட்டப்படியான உடன்படிக்கையில், தரைவீட்டிற்கு 24 மாதம், அடுக்குமாடி வீட்டிற்கு 36 மாதம் என்பது வழக்கமான தவணை. தாமதமானால் விலையில் ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து வீதம் நாட்கணக்கில் இழப்பீடு உண்டு. வீடு கைக்கு வந்த பின் 24 மாதத்திற்குள் தோன்றும் கட்டுமானக் குறைகளை நிறுவனமே தன் செலவில் சீர்செய்ய வேண்டும். சுவர் வெடித்தால், கூரை ஒழுகினால், வாயால் சொல்லிவிட்டு வருவது போதாது. எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் பெற்று வையுங்கள். தீர்வு கிடைக்காவிடில், வீடு வாங்குவோர்க்கென உள்ள நடுவர் மன்றத்தை நாடலாம்.

ஆண்கள் மட்டும் சென்று கையொப்பமிட்டு வரும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். வீட்டில் சோற்றுப்பானையின் கணக்கை அறிந்தவர் தாய்மார்களே. இருவரும் சேர்ந்து செல்லுங்கள். இயன்றால் இருவர் பெயரிலும் வீட்டை எழுதுங்கள். கடன் எடுத்தவர் இறந்தால் மீதியை அடைக்கும் காப்புறுதி உண்டா என்று கேளுங்கள். தந்தை மறைந்து பல ஆண்டுகளாகியும் பட்டா அவர் பெயரிலேயே கிடப்பதைப் பல குடும்பங்களில் காண்கிறோம். பெயர் மாற்றத்தைத் தள்ளிப் போடப் போட, உடன்பிறந்தாரிடையே பிணக்கே வளரும்.

அடுக்குமாடி வீட்டில் பராமரிப்புக் கட்டணத்தோடு, அதில் நூற்றுக்குப் பத்து வீதம் சேமிப்பு நிதிக்கும் கட்ட வேண்டும். மின்தூக்கியும் தண்ணீர்த் தொட்டியும் பழுதடையும் நாளில் அந்நிதியே உதவும். "என் வீட்டிற்குள் எல்லாம் சரியாக உள்ளது, நான் ஏன் கட்ட வேண்டும்?" என்று ஒவ்வொருவரும் கேட்டால், பத்தாவது மாடியில் உள்ள பாட்டி படியேற நேரும்.

தவணை தவறும்போது

எவ்வளவு எச்சரிக்கையாக இருந்தாலும் நோயும் வேலையிழப்பும் வரலாம். அப்பொழுது செய்ய வேண்டியது ஒன்றே. தவணை தவறுமுன், அல்லது தவறிய அந்த வாரத்திலேயே, வங்கிக்குச் சென்று நிலைமையைச் சொல்லுங்கள். தவணைக் காலத்தை நீட்டித் தொகையைக் குறைக்கும் வழி அப்பொழுது திறந்திருக்கும். பட்டா வங்கியிடம் அடமானமாகியுள்ள வீட்டில், தவணை தவறி ஒரு மாதம் கடந்தால், குறையைத் தீர்க்க ஒரு மாதத் தவணை கொடுத்து அறிவிப்பு அனுப்ப நிலச் சட்டம் இடந்தருகிறது. அதன் பின் ஏலத்திற்கு விண்ணப்பிக்கலாம். ஏலத்தில் வந்த தொகை கடனை அடைக்கப் போதாவிடில், மீதியும் நம் தலைமேல் நிற்கும். வீடும் போய்க் கடனும் நிற்பதைவிடக் கொடிய நிலை வேறில்லை.

இத்தகைய ஆலோசனை கூறுவதற்கென்றே பேங்க் நெகாரா 2006இல் 'ஏ.கே.பி.கே.' எனும் கடன் ஆலோசனை, நிர்வாக அமைப்பைத் தோற்றுவித்தது. அங்கே ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. வீடு வாங்குமுன்னும் செல்லலாம். கடனில் சிக்கிய பின்னும் செல்லலாம். 2019இல் பேங்க் நெகாரா குறைந்த வருமானமுடையோர்க்கென 100 கோடி வெள்ளி வீட்டுக்கடன் நிதியை ஒதுக்கியபோது, கடன் பெறுவோர் அவ்வமைப்பின் வீட்டு நிதிப் பாடத்தை முதலில் முடித்திருக்க வேண்டும் என விதித்தது. பணத்தைக் கொடுக்குமுன் அறிவைக் கொடுக்க வேண்டும் என்பதே அதன் கருத்து.

செல்லும்போது மூன்று மாதச் சம்பளச் சீட்டு, சேமநிதிக் கணக்கு அறிக்கை, எல்லாக் கடன்களின் பட்டியல், பிறருக்கு ஜாமீன் நின்றிருந்தால் அதன் விவரம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். எதையும் மறைக்க வேண்டாம். வங்கிக் கடன்களும் அவற்றில் தவறிய தவணைகளும் பேங்க் நெகாராவின் 'சி.சி.ஆர்.ஐ.எஸ்.' பதிவில் உள்ளன. கடன் கேட்கப் போகும் வங்கி அதனைப் பார்க்கும். அதனை நாம் முதலில் பார்த்து வைப்பது நல்லது.

தோழர்களே! கடனைப் பற்றிப் பிறரிடம் பேசுவது மானக்குறைவு என்று எண்ண வேண்டாம். புதிய வெட்டு தொடங்கும்போது பட்டையை எவ்வளவு ஆழம் சீவுவது என்று மண்டோரிடம் கேட்டுத்தானே கத்தி வைக்கிறோம்? ஆழம் மிகுந்தால் மரம் காயப்படும். ஆழம் குறைந்தால் பால் வராது. கேட்டு அறிந்தவன் கையில் அதே மரம் பல்லாண்டு பால் தருகிறது. வீட்டுக் கடனும் அப்படித்தான்.

இன்று வீடு திரும்பியதும் ஒரு வேலை செய்யுங்கள். கணவனும் மனைவியும் ஓர் ஏட்டை எடுத்து, கடந்த ஓராண்டில் மிகக் குறைவாகச் சம்பளம் வந்த மாதம் எது என்று எழுதுங்கள். அதன் கீழே உங்கள் கடன்களை ஒவ்வொன்றாக எழுதுங்கள். படிக்காமல் வைத்த கடிதம் ஏதேனும் பெட்டியில் இருந்தால் அதனையும் எடுத்துப் பிரியுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளையை அழைத்துப் படிக்கச் சொல்லுங்கள். சொந்த வீட்டிற்குச் செல்லும் வழி அந்த ஏட்டின் முதல் பக்கத்திலிருந்தே தொடங்குகிறது.

உங்கள் பெயரில் ஒரு கூரை அமைக. அது உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்திலும் உங்கள் பெயரிலேயே நிலைத்து நிற்க என்று வாழ்த்தி விடைபெறுகிறோம்.